குளவிக் கொட்டும் பூட்டிய அலமாரியும்

குளவி கொட்டினால் நாம் என்ன செய்வோம்? சுண்ணாம்பு தடவுவோம். வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்போம். பக்கத்தில் இருப்பவர், “அட, இதுக்குப் போயி அழுவுறியா?” என்று கேலி பேசுவார். வீங்கிய கையோடு மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நிற்போம். ரப்பர் மரம் வெட்டிய காலத்திலும் இதுதான் வழக்கம். செம்பனைக்கு மாறிய பிறகும் இதுதான் வழக்கம். தோட்டத்துப் பிள்ளைக்குக் குளவியும் ஒன்றுதான், கொசுவும் ஒன்றுதான் என்று நினைத்தே வளர்ந்து விட்டோம்.

பெரும்பாலோருக்கு அது வலியோடும் வீக்கத்தோடும் போய் விடுகிறது. ஆனால் சிலருக்கு அப்படிப் போவதில்லை. கொட்டியது கையிலே இருக்கும்; தடிப்பு முதுகிலும் வயிற்றிலும் எழும்பும். உதடு வீங்கும். குரல் கம்மும். மூச்சு இழுக்கும். வாந்தி வரும். “கண்ணு இருட்டுது அண்ணே” என்று சொல்லிக்கொண்டே ஆள் சரிந்து விடுவார். இது விஷம் மெல்ல மெல்ல ஏறும் சங்கதி அல்ல. நல்ல உடம்புக்காரனை, முப்பது வயது அறுவடைக்காரனை, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்குள் சாய்த்து விடக் கூடியது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தம் வேலையிடத்தில் என்னென்ன ஆபத்து உண்டு என்று முதலாளி கணக்கெடுக்க வேண்டும், அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று சட்டம் இப்போது நேராகவே சொல்கிறது. முதலாளியின் கடமையில் தவறினால் 50,000 வெள்ளி வரை என்றிருந்த அபராதம் 500,000 வெள்ளி வரை ஏறியிருக்கிறது. ஆகவே தோட்டத்து ஆபீசுகளில் ஆபத்துக் கணக்குத் தாள்கள் எழுதப்படுகின்றன. நாம் பார்த்த தாள்களில் டிராக்டர் இருக்கிறது, பூச்சி மருந்து இருக்கிறது, மேலிருந்து விழும் குலை இருக்கிறது, மின்கம்பியில் படும் கழி இருக்கிறது. குளவியும் ஒரு மூலையில் இருக்கிறது. அதற்கு எதிரே எழுதியிருப்பது ஒரே வரி: “முதலுதவிப் பெட்டி உண்டு.”

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த வாரத்துப் பேச்சு.

பதினைந்து நிமிடம்

இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் அனாபிலாக்சிஸ். பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல்ஸ் ரிஷே 1902இல் இந்தப் பெயரைக் கொண்டு வந்தார். இந்த ஆராய்ச்சிக்காக 1913இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் செய்த சோதனை நமக்கு எளிதில் விளங்கக் கூடியது. கடலில் வாழும் ஓர் உயிரியின் விஷத்தைக் கொஞ்சமாக எடுத்து நாய்க்கு ஏற்றிப் பார்த்தார். நாய் தாங்கிக் கொண்டது. சில வாரம் கழித்து, முன்பைவிடக் குறைந்த அளவையே அதே நாய்க்கு மறுபடி கொடுத்தார். நாய் சற்று நேரத்தில் செத்து விட்டது.

தோட்டத்தில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சுக்கு இதிலேதான் பதில் இருக்கிறது. “போன வருஷமும்தான் கொட்டுச்சு, ஒண்ணும் ஆகலியே!” என்பார்கள். போன வருடம் கொட்டியதுதான் இந்த வருடத்துக்கு விதை. முதல் கொட்டில் உடம்பு அந்த விஷத்தை அடையாளம் கண்டு வைத்துக் கொள்கிறது. சிலருடைய உடம்பு மட்டும், அடுத்த முறை அதே விஷம் வந்ததும், திருடனைக் கண்ட பயத்தில் சொந்த வீட்டுக்கே தீ வைக்கும் காவல்காரனைப் போல வெறி பிடித்து விடுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், இரத்த அழுத்தம் விழும், மூச்சுக்குழாய் சுருங்கும், தொண்டை வீங்கும். யாருக்கு இப்படி வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குளவி மட்டும்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். பென்சிலின் ஊசி, இறால், நிலக்கடலை, தேனீ எல்லாவற்றாலும் வரும். சிங்கப்பூரில் பிள்ளைகளைச் சோதித்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டால் வந்த அனாபிலாக்சிஸில் முதல் இடத்தில் நின்றது, சீனர்கள் சத்துக்கென்று கொடுக்கும் பறவைக் கூடு! நாம் வெட்டி எடுத்த ரப்பர் பாலில் செய்த கையுறைகூட மேல்நாட்டு நர்சுகள் பலருக்கு ஒவ்வாமல் போயிருக்கிறது. ஆனாலும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குக் குளவிதான் முதல் எதிரி. மட்டை இடுக்கிலும் புதரிலும் கூடு கட்டியிருக்கும். மலாய்க்காரர்கள் தெபுவான் என்று சொல்லும் பெரிய இனம், நம்மவர்கள் கதண்டு என்பது, கூட்டமாக வந்து விழும். தேனீ கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துப் போகும். குளவி அப்படியல்ல, ஒன்றே பலமுறை கொட்டும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களைத் தேடிச் சேர்த்து, பிரிட்டனில் டாக்டர் பம்ஃப்ரி என்பவர் 2000இல் ஒரு கணக்கை வெளியிட்டார். சாப்பாட்டால் இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்க ஆன நேரம் நடுக்கணக்கில் 30 நிமிடம். பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு 15 நிமிடம். மருந்து ஒவ்வாமல் இறந்தவர்களுக்கு 5 நிமிடம்.

பதினைந்து நிமிடம்! நம் தோட்டத்தில் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கும்? கொட்டு வாங்கியவர் கத்த வேண்டும். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்பிள்ளை அதைக் கேட்டு ஓடி வர வேண்டும். கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கிற மேட்டுக்கு ஒருவர் ஏற வேண்டும். மண்டோருக்குச் சொல்ல வேண்டும். மண்டோர் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். லாரி வர வேண்டும். பதினைந்து நிமிடம் அதிலேயே போய் விடும். செம்மண் சாலையைத் தாண்டித் தார் ரோட்டைத் தொடுவதற்குள் இன்னொரு பதினைந்து. 999க்கு அழைத்தால் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் வரும். அதில் வரும் மருத்துவ உதவி அதிகாரி கெட்டிக்காரராகவும் இருப்பார். ஆனால் அவர் டவுனிலிருந்து வர வேண்டும். ஆகவே டாக்டர் வந்து காப்பாற்றுவார் என்ற பேச்சே இங்கு எடுபடாது. முதலில் ஓடி வருகிறவன் எவனோ அவன் கையில் மருந்து இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மருந்து என்னவோ மலிவுதான்

அந்த மருந்து அட்ரினலின். ஜப்பானிய விஞ்ஞானி தக்கமினே 1901இல் இதைத் தூய்மையாகப் பிரித்து எடுத்தார். நூறு வருடத்துக்கு மேல் பழகிய மருந்து. உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போட்டபோதே அதில் இடம் பிடித்தது. ஒரு மில்லி அளவுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கும். பெரியவர்களுக்கு அதில் பாதி, அதாவது அரை மில்லிகிராம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. தளர்ந்த இரத்தக் குழாயை இறுக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், இதயத்தை முடுக்கும். ஒரு குப்பியின் விலை சாப்பாட்டுக் கடையில் ஒருவேளைச் சாப்பாட்டைத் தாண்டாது.

இந்த வேலையை வேறு எந்த மருந்தும் செய்யாது. கிளினிக்கில் கொடுக்கும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை அரிப்பைக் குறைக்கும். விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் பார்ப்போம்” என்று உட்கார வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம்தான் இருந்ததே!

நாம் போன ஒரு தோட்டத்துச் சேதியைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம், அது ஒரு தோட்டத்துக் கதை மட்டும் அல்ல. மட்டை வெட்டிக் கொண்டிருந்தவருக்குக் கழுத்திலும் காதிலும் நாலைந்து கொட்டு. உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கிளினிக் என்று பெயர் எழுதிய அறைக்குக் கூட்டி வந்தார்கள். அறை பூட்டு. எச்.ஏ. ஒரே ஆள் மூன்று தோட்டங்களைப் பார்க்கிறார்; அன்று அவர் அடுத்த தோட்டத்தில். ஆபீஸ் கிராணியிடம் முதலுதவிப் பெட்டி இருந்தது. துணிக்கட்டு, பிளாஸ்டர், கத்தரிக்கோல், காலாவதியான கண் மருந்து. மாத்திரை ஒன்றை யாரோ வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் மோட்டார் சைக்கிளில் நடுவிலே உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக் கொள்ள, டவுனுக்கு ஓட்டியிருக்கிறார்கள். வழியிலேயே தலை தொங்கிவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பிழைத்தார். ஊசி போட்டுச் சில நிமிடத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டாராம்.

நாம் அங்கு போனது இரண்டு வாரம் கழித்து. எச்.ஏ. நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. அலமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் அட்ரினலின் குப்பிகள் வரிசையாக இருந்தன. அன்றைக்கும் அவை அங்கேதான் இருந்தன. சாவி அவருடைய சட்டைப் பையில் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. அந்தத் தொழிலாளியின் மனைவி நம்மிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறோம்: “மருந்து இல்லாம சாவுறது வேற அண்ணே. பத்தடி தூரத்துல மருந்த வச்சிக்கிட்டு சாவக் கெடந்தாரே, அதுக்கு யாரக் கேக்குறது?”

டிரெஸர் டாக்டரா?

இதை நிர்வாகத்திடம் எடுத்துப் போனால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. “ஊசி போடுறது டாக்டர் வேலை. மண்டோர்கிட்ட ஊசியக் கொடுக்க முடியுமா?”

அப்படியானால் நாம் ஒரு பழங்கதையை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் நமக்கு வைத்தியம் பார்த்தவர் யார்? டிரெஸர். அவர் டாக்டர் அல்ல. காயம் தைத்தார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பென்சிலின் ஊசியும் போட்டார். டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டரின் உத்தரவின் பேரில் இன்னொருவர் மருந்து கொடுக்கலாம் என்ற முறை தோட்டத்துக்குப் புதிதா? அந்த முறையில்தான் நம் அப்பா அம்மா பிழைத்தார்கள். அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டு, 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே போட்டது. இன்றைக்குக் குறைந்திருப்பது டிரெஸர்களின் எண்ணிக்கை. ரோடு வந்து விட்டது, கார் வந்து விட்டது, டவுன் கிளினிக்கோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்லித் தோட்டத்து ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். இருமலுக்கும் சளிக்கும் டவுன் கிளினிக் போதும். பதினைந்து நிமிடக் காரியத்துக்குப் போதாது.

சரி, டாக்டரும் டிரெஸரும் அல்லாதவர் ஊசி போட முடியுமா? உலகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சியாட்டல் நகரம் இருக்கும் இடம் கிங் கவுண்டி. அங்கே அவசர அழைப்புக்கு முதலில் ஓடி வருகிறவர்களில் பெரும்பாலோர் தீயணைப்பு வீரர்கள், அடிப்படைப் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஆட்கள். அந்த வாஷிங்டன் மாநிலத்தில் 1999இல் ஒரு சட்டம் வந்தது: ஆம்புலன்ஸ்களில் அட்ரினலின் இருக்க வேண்டும், அதைப் போடப் பணியாளருக்குப் பயிற்சி வேண்டும் என்று. அவர்கள் பயன்படுத்தியது எபிபென். பேனா போல இருக்கும்; தொடையில் அழுத்தினால் அளந்து வைத்த மருந்து தானே இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிற அளவுக்குச் சுலபமான கருவி. வந்தது விலையில் வினை. 2007 வாக்கில் இரண்டு பேனா சேர்ந்து 100 அமெரிக்க டாலர் போல இருந்தது. 2016இல் 600 டாலருக்கு மேல் போனது. உள்ளே இருக்கும் மருந்து அதே மலிவு மருந்துதான்! கம்பெனியின் தலைவரை அமெரிக்கக் காங்கிரஸ் அந்த வருடம் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டது. ஆண்டு தோறும் காலாவதியாகிற பேனாக்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க ஆம்புலன்ஸ் இலாகாக்கள் திண்டாடின.

கிங் கவுண்டி டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பேனாவை விட்டுவிட்டு, பழைய குப்பியையும் சாதாரண ஊசியையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்தார்கள். கூடவே ஓர் அட்டை: நோயாளிக்கு இந்த அடையாளங்கள் உண்டா, மருந்தின் பெயர் சரியா, தேதி சரியா, அளவு சரியா. பார்த்து, சரி வைத்து, பிறகு போடு. தீயணைப்பு வீரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து, 2014லிருந்து அவர்கள் கையாலேயே போட வைத்தார்கள். ஒவ்வொரு கேசையும் பிறகு டாக்டர் எடுத்துப் பார்த்தார். 2018இல் அந்தக் கணக்கு மருத்துவ இதழில் வெளியானது. பெரும்பாலும் சரியான ஆளுக்கே, சரியான விதத்திலேயே ஊசி போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நியூயார்க் மாநிலமும் அந்த வழிக்கு வந்தது. தீயணைப்பு வீரர்கள் டாக்டர்களா? இல்லை. நம்மைப் போல உடலுழைப்புக்காரர்கள்.

பிரிட்டன் இன்னும் ஒருபடி மேலே. நம் சட்டங்கள் பலவற்றுக்கும் தாய்வீடு அதுதானே! அங்கே 2012ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, உயிர் போகும் அவசரத்தில் அட்ரினலின் ஊசியை யார் வேண்டுமானாலும் போடலாம். டாக்டர் சீட்டு இல்லை என்று யாரும் குற்றம் பிடிக்க முடியாது. 2017லிருந்து அங்குள்ள பள்ளிக்கூடங்கள் டாக்டர் சீட்டு இல்லாமலேயே எபிபென் போன்ற பேனாக்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எதிர்வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. குப்பியை உடைத்து மருந்தை உறிஞ்சுவது பதற்றத்தில் கை நடுங்கும் காரியம். ஒரு குப்பியில் இருப்பது பெரியவருக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு, அளவு தப்பலாம். தொடையில் போடாமல் நரம்பில் ஏற்றினால் இதயத்துக்கே ஆபத்து. வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் மருந்து கெட்டுப் பழுப்பு நிறமாகும். இத்தனையும் உண்மை. ஆனால் இவை எல்லாம் பயிற்சியும் அட்டையும் பெட்டியும் இருந்தால் தீர்கிற குறைகள். சரியான அளவைத் தொடையில் போட்டால் வருவது கை நடுக்கமும் படபடப்பும் தலைவலியும். போடாமல் விட்டால் வருவது என்ன என்பதை எழுத வேண்டியதில்லை. பூச்சிமருந்தை அளந்து கலக்க நம்மை நம்புகிற நிர்வாகம், அரை மில்லி மருந்தை அளக்க நம்பாதாம்!

நாம் கேட்க வேண்டியது

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே ஒரு மண்டோர் குப்பியை வாங்கிப் பையில் போட்டுக் கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது டாக்டர் உத்தரவின் பேரில் வாங்க வேண்டிய மருந்து. சாதாரண முதலுதவி வகுப்பில் ஊசி சொல்லித் தருவதும் இல்லை. ஆகவே கோரிக்கை இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். சுகாதார அமைச்சுக்கு ஒன்று: டாக்டரின் எழுத்து மூலமான உத்தரவும் பயிற்சியும் இருந்தால், தோட்டத்து முதலுதவியாளர் இந்த ஒரு மருந்தை, இந்த ஒரு நிலைமையில் போடலாம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் விதி வேண்டும். பொம்பா வீரர்களுக்கும் பொதுத் தற்காப்புப் படையினருக்கும் அதே விதி வேண்டும். குளவிக்கூட்டை அழிக்க ஓடி வருவது அவர்கள்தானே!

நிர்வாகத்துக்கு மற்றொன்று. இதற்கு எந்தப் புது விதியும் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம். எச்.ஏ. இருக்கும் தோட்டத்தில் அட்ரினலின் குப்பி அவர் கூடவே போக வேண்டும், அலமாரியில் தூங்கக் கூடாது. அவர் இல்லாத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, எந்த வண்டி, எந்தக் கிளினிக்கில் மருந்து நிச்சயம் உண்டு என்பதைப் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்ட வேண்டும். தமிழிலும் மலாயிலும் மட்டும் எழுதினால் போதாது. இன்று நிரையில் நம் பக்கத்தில் நிற்பவர் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி. அவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். குப்பியின் தேதியை மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தீயணைக்கும் சிலிண்டருக்கு மட்டும் சீட்டுக் கட்டித் தேதி பார்க்கிறார்களே, மனுஷன் மூச்சுக்கு ஒரு சீட்டுக் கட்டக் கூடாதா?

நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர் பிரதிநிதியும் அதில் உட்கார வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். பல தோட்டங்களில் நம் ஆள் அங்கே போய், தேத்தண்ணி குடித்து, கையெழுத்துப் போட்டு வருகிறார். இந்த விஷயத்தை அங்கே எழுப்ப வேண்டும். காண்டிராக்ட் ஆள் எங்கள் பொறுப்பு இல்லை என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வரக் கூடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையைக் காண்டிராக்டில் விடுகிறவருக்கும் அந்த ஆட்களின் பாதுகாப்பில் கடமை உண்டு என்று சொல்லி விட்டது.

இன்னொரு புது உரிமையும் அதில் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளிக்குச் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழி வாங்கக் கூடாது. குளவிக்கூடு கட்டிய மரத்தை, “பார்த்து வெட்டுப்பா” என்று சொல்லி நம் தலையில் கட்டுகிற மண்டோருக்கு இந்த விதியை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். கூட்டைப் பார்த்தால் மரத்தில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். கல்லெறியாதீர்கள், புகை போடாதீர்கள். புல்வெட்டும் மிஷின் சத்தமே அதுகளுக்குக் கோபம் மூட்டப் போதும்.

அதுவரைக்கும்

மருந்து கைக்கு வரும் வரை சும்மா இருக்கவும் முடியாது. கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் பயம் வேண்டாம். கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், குரல் மாற்றம், மூச்சு இழுப்பு, வாந்தி, மயக்கம்: இவற்றில் எதைக் கண்டாலும் மாத்திரையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 999. ஆளை மட்டமாகப் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் சாய்ந்து உட்கார விடலாம். எழுந்து நடக்க விடவே கூடாது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்த அந்த நொடியிலேயே உயிர் போன கேசுகளை அதே டாக்டர் பம்ஃப்ரி 2003இல் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆகவே மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து ஓட்டுகிற பழக்கத்தை விட வேண்டும். லாரித் தட்டாக இருந்தாலும் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். வண்டி புறப்படும்போதே கிளினிக்குக்குப் போன் செய்து, “குளவி கொட்டி மூச்சு முட்டுது, ஊசி தயாரா வைங்க” என்று சொல்லி விடுங்கள்.

தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வரவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி திரும்புவது உண்டு. நிறையக் கொட்டு வாங்கியவருக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி அவசியம். அந்த விஷம் இரண்டொரு நாளில் சிறுநீரகத்தைக் கெடுத்து விடும். ஒரு தடவை இப்படி விழுந்து எழுந்தவர், ஒவ்வாமை டாக்டரைப் பார்க்கச் சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும். மட்டை வெட்டுக்குத் திரும்ப அனுப்புவதற்கு முன் வேறு வேலை கொடுக்கும்படி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேலை நேரத்தில் கொட்டியதை வேலை விபத்தாக எழுத வைப்பதில்தான் நம்மவர்கள் மிகவும் அலட்சியம். “பூச்சி கடிச்சதுக்கெல்லாம் ரிப்போர்ட்டா?” என்று கிராணி சிரித்தால் சிரிக்கட்டும். எந்த பிளாக், எத்தனை மணி, கூட இருந்தவர் யார், எத்தனை மணிக்கு மருந்து கிடைத்தது என்று அன்றைக்கே எழுதி வாங்குங்கள். சொக்சோவுக்குப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு. பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், சொல்லிக் கொடுங்கள். ஒரு பிரதி நம் கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும். கொட்டிய நேரத்துக்கும் ஊசி போட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் என்ற கணக்கு பத்துத் தோட்டத்திலிருந்து சேர்ந்தால், அமைச்சின் மேசையில் வைக்க நம்மிடம் ஒரு தாள் இருக்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் முதல் கேள்வியாக, நம் தோட்டத்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, வந்த பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.